மெல்லச் சுற்றும் குழல்

"அதுல தண்ணி வைக்காதீங்க!"

ஜிபார் சேற்றில் ஓடிப்போய், அடுப்பின் மேல் ஏற்றியிருந்த சட்டியைத் துணியோடு பிடித்து இறக்கினாள். நல்லவேளை, தண்ணீர் இன்னும் சூடாகவில்லை.

"ஏன், ஓட்டையா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கையில் தேயிலைப் பொட்டலம் தயாராக இருந்தது.

"அப்பா ஈயம் உருக்குற சட்டி அக்கா. இதுல டீ போட்டுக் குடுத்தா, துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் அவர் பின்னாடியே கிளம்ப வேண்டியதுதான்."

பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். பார்ப்பவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஜிபார் சட்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தாள். வைத்த பிறகும் அங்கேயே நின்றாள். எல்லாருக்கும் வேண்டாம். ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு கோப்பை, இந்தச் சட்டியில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் என்ன? அந்த ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. நரின் நகரத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். அவர் அவளுடைய மாமனார்.

முற்றத்தில் கம்பளக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதற்குள், வலப்பக்கத்துத் திரைக்குப் பின்னால் அவள் அப்பா மம்பெத் கிடந்தார். முந்தாநாள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், டீ ஆறிப்போன பிறகும் எழுந்திருக்கவில்லை. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அத்பாஷிப் பள்ளத்தாக்கு முழுவதும் வந்துகொண்டிருந்தது.

வாசலில் ஒரு ஆள், கொண்டுவந்த ஆட்டைக் கயிற்றோடு பிடித்தபடி, போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். "பாலம் தாண்டினதும் இடப்பக்கம் திரும்பு. யார் வீடா? குறுக்கு மம்பெத் வீடு. எவனைக் கேட்டாலும் காட்டுவான்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் ஜிபாருக்கு நெருப்பாகச் சுட்டது. கேலி என்றால் ஒருநாள் ஓயும். இது பெயராகவே ஆகிவிட்டது. இன்று மண்ணுக்குள் போகிறவரோடு இந்தப் பெயரும் போகாது, கல்லறைக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பள்ளத்தாக்கு மொத்தமும் ஒரே இடத்தில் நிற்கப்போவது இன்று ஒருநாள்தான். இதை விட்டால் அவள் அப்பாவின் பெயரைத் துடைத்துக் கொடுக்க வேறு நாள் கிடையாது.

மம்பெத் துப்பாக்கி செய்கிறவர் இல்லை. துப்பாக்கிக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர். வெடிமருந்து போடுகிற துப்பாக்கி அல்ல, பம்பு வைத்துக் காற்று அடைத்துச் சுடுகிற பெரிய வாய்த் துப்பாக்கி. ஓநாயை விரட்ட மேய்ப்பர்கள் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். வெடிச்சத்தத்தில் மந்தை மிரண்டு மலையேறிவிடும், காற்றுக்கு அவ்வளவு சத்தம் கிடையாது. ஆனால் வெடிமருந்துக்கு இருக்கிற முரட்டுத்தனமும் காற்றுக்கு இல்லை. கிடைத்ததைத் தள்ளிவிட அதனால் முடியாது. குழலும் குண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

யாராவது புதுத் துப்பாக்கி கொண்டுவந்தால் மம்பெத் முதலில் மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றைக் குழலின் இந்த முனையில் வைத்துக் கம்பியால் மெதுவாகத் தள்ளி, அந்த முனையில் எடுப்பார். உருண்டையின் மேல் குழலின் உள்வரிகள் பதிந்திருக்கும். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வரி எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகமாகச் சுற்றிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அச்சில் கை வைப்பார். குண்டின் பின்பக்கத்தைக் குடைந்து விடுவார். அந்த மெல்லிய விளிம்புக்குப் பாவாடை என்று பெயர். காற்று உள்ளே புகுந்தால் பாவாடை விரிந்து குழலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "பாவாடை இறுகினா நடக்க முடியாது, தளர்ந்தா மானம் போயிடும்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்.

ஜிபாரின் மாமனார் நரினில் கடை வைத்திருந்தார். ஒருமுறை எங்கிருந்தோ மொத்தமாகக் குழல்கள் வாங்கி வந்து துப்பாக்கிகளில் பூட்டினார். அகலமான குழல். ஆனால் உள்வரி மெல்லத்தான் சுற்றும். மம்பெத் அதற்குக் குட்டையான, எடை குறைந்த குண்டுக்கு அச்சு செய்து கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார். ஜிபார் கல்லாவுக்குப் பக்கத்தில் குண்டுகளை எடை போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள், அது அவள் காதில் விழுந்தது.

"சம்பந்தி, இது மெல்லச் சுத்துற குழல். குட்டைதான் இதுக்குச் சரி. நீளமா, கனமா வச்சீங்கன்னா சுத்து பத்தாது. பம்பரம் வேகம் குறைஞ்சா தலையாட்டுமே, அப்படி ஆட்டி ஆட்டி, கடைசியில குறுக்காப் படுத்துக்கிட்டுப் போகும். எங்க போகும்னு அதுக்கே தெரியாது."

"வாங்குறவன் கையில எடுத்துப் பாக்குறான் சம்பந்தி. கனம் இருந்தாத்தான் அவனுக்கு நம்பிக்கை வருது. இது என்ன, ஆட்டுப்புழுக்கை மாதிரி இருக்கு!"

"புழுக்கை நேரா போகும்."

மாமனார் சிரித்தார். அப்பா கிளம்பிப் போன பிறகு, அச்சை எடுத்துக்கொண்டு பின்தெருக் கடைசல்காரனிடம் போய், குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிக் கொண்டுவந்தார். குண்டு விரல் கணக்கில் நீண்டது. நன்றாகவும் விற்றது.

சென்ற இலையுதிர் காலத்தில், ஓநாய் வேட்டைக்கு முன்னால் மேய்ப்பர்கள் கூடும் இடத்தில், மாமனார் தன் சரக்கைக் காட்ட ஓநாய்த்தோல் ஒன்றை மேட்டில் தொங்கவிட்டுச் சுட்டார். தோல் அசையவில்லை. அதற்குப் பக்கவாட்டில், தன்பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்த பெய்ஷெனின் சினைக்குதிரை மடங்கி விழுந்தது. வயிற்றில் வட்ட ஓட்டை இல்லை, நீள ஓட்டை. குண்டு படுத்தபடி போயிருக்கிறது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மாமனார் ஒரு குண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். முகத்தில் அவ்வளவு வருத்தம். "நான் என்ன செய்ய? அச்சு என் சம்பந்தியோடது. அவர் கை பிசகிருச்சு."

மம்பெத் அங்கேதான் நின்றார். வாயைத் திறந்தார். பிறகு, மாமியாருக்குப் பின்னால் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் குறுக்கு மம்பெத். குளிர்காலம் முழுவதும் ஒரு ஆள் கூட அவர் கொட்டகைக்குக் குழல் கொண்டுவரவில்லை. ஜிபார் போனில் அழுதபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ அந்த வீட்ல வாழணும்மா. எனக்குப் பேர் எதுக்கு, நான் என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?"

அந்த வீட்டில் வாழ்வது என்றால் இப்படித்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவர் பெயர் ஷர்ஷென். அந்தப் பெயர் அவர்கள் பாஷையில் புதன்கிழமைக்கான சொல்லிலிருந்து வந்தது என்பதால் ஜிபாருக்குப் புதன்கிழமையும் இல்லாமல் போனது. கடைக்கு வருகிறவர்களிடம் "செவ்வாய்க்கு மறுநாள் வாங்க" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். மாமனார் பெருமையாகத் தலையசைப்பார்.

கணவன் எர்மெக் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஜிபார் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்க அப்பா எங்க வராங்க?"

"கணவாய் தாண்டிட்டாங்களாம். ஏன்?"

"போன் பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. தொழுகைக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அச்சுல தப்பு இல்லைன்னு. வேற எதுவும் வேண்டாம். யார் தோண்டினதுன்னு கூடச் சொல்ல வேண்டாம்."

எர்மெக் கோடரியைக் கட்டையில் இறக்கி, அப்படியே விட்டான். "இன்னிக்கா?"

"நாளைக்கு எங்க அப்பா இங்க இருப்பாரா?"

அவன் போனை எடுத்துக்கொண்டு மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் போனான். நல்ல பையன்தான். யாரையும் ஒரு சொல் கடிந்து சொல்ல மாட்டான், அவன் அப்பாவை மட்டும் அல்ல, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் கன்றுக்குட்டியைக் கூட. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் கோடரியைப் பார்த்தான்.

"சாவு வீட்ல யாவாரப் பேச்சு எதுக்குன்னாங்க."

"சரி" என்றாள் ஜிபார்.

"ஜிபார்..."

"சரின்னுதானே சொன்னேன்."

அவள் கறுப்புத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். பெண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா புருல் நடுவில் இருந்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு முறை வெளியே ஆட்கள் வரும்போதும் ஒப்பாரியை மறுபடி எடுக்க வேண்டும். வந்தவர்கள் யாரென்று அதற்கேற்ற வரி கட்ட வேண்டும். ஒப்பாரி எடுத்தவளை நடுவில் நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது, இமாமுக்கும் கிடையாது.

அம்மாவுக்கு மகளின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"வாயைத் திறக்காதேடி" என்றாள் மெதுவாக. "நாளைக்கு நீ அங்கதான் போய்ச் சோறு திங்கணும். அந்த மனுஷன் அதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டே செத்தார்."

"அவர் மூடினது போதும்மா."

வெளியே கார்கள் நின்றன. பிறகு அந்தக் குரல் கேட்டது. வழக்கப்படி வாசலிலிருந்தே கதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ என் சம்பந்தியே! என் முதுகெலும்பே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" வாசலில் கோலூன்றி நின்ற ஆண்களும் சேர்ந்து கதறினார்கள். அந்த அழுகை பொய்யில்லை. ஷர்ஷெனுக்கு எந்தச் சாவிலும் உண்மையாகவே கண்ணீர் வரும். ஜிபாருக்கு அது தெரியும், தெரிந்ததால் இன்னும் கசந்தது.

கதறல் அடங்கியதும் அவர் ஆண்களைப் பார்த்துப் பேசினார். கூடாரத்துக் கம்பளத்தின் வழியாக ஒவ்வொரு சொல்லும் உள்ளே கேட்டது.

"தங்கமான மனுஷன். கடைசிக் காலத்துல கை கொஞ்சம் பிசகிருச்சு, உண்மைதான். யாருக்குத்தான் பிசகாது? நான் அன்னிக்கே மனசார மன்னிச்சிட்டேன். இதோ, எல்லார் முன்னாடியும் சொல்றேன். அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. நிம்மதியாப் போகட்டும்."

"ஆண்டவன் உங்களுக்கு நல்லது செய்வான்" என்றார் யாரோ. சிலர் தாடியைத் தடவிக்கொண்டார்கள். பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள்.

மன்னித்துவிட்டாராம்.

ஜிபார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் தொடையைக் கிள்ளிப் பிடித்தாள். ஜிபார் இடுப்பில் கையூன்றி, சுவரைப் பார்த்து, குரலை எடுத்தாள்.

*மெல்லச் சுத்தும் குழலுக்கு – என் அப்பா*
*குட்டை ஈயம் போதும்னியே*
*நீள ஈயம் வைக்காதேன்னு – என் அப்பா*
*நேருக்கு நேரா சொன்னியே*

மற்றப் பெண்கள் வழக்கம்போல "ஐயோ" என்று இழுத்தார்கள். என்ன பாட்டு என்று அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

*நீ குடுத்த அச்சை வாங்கி*
*நெஞ்சாழம் தோண்டினாங்க*
*தோண்டின கை யாரு கைன்னு*
*சொல்ல ஒரு நாக்கில்லை*

இழுவை நின்றது. அம்மாவின் நகம் தொடையில் இறங்கியது. வெளியே யாரோ இருமினார்கள். ஜிபார் மூச்சை உள்ளே இழுத்தாள். கல்யாணம் ஆன நான்கு வருடமாக நாக்குக்கு அடியில் கிடந்த பெயர் அது. புதன்கிழமையைக் கூட அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்ட பெயர்.

*கடைக்குள்ள நின்னேனே*
*காதால கேட்டேனே*
*கனமிருந்தா விலை போகும்னு*
*ஷர்ஷென் சொல்லக் கேட்டேனே*

ஒருத்தி "அடி பாவி" என்று முனகினாள். மருமகள் வாயில் மாமனார் பெயர். அடுத்த வரிகளில் அது மறுபடியும் வந்தது.

*குதிரை விழுந்த மேட்டுல*
*குத்தம் உன் மேல் வச்சாங்க*
*ஷர்ஷென் செஞ்ச பாவத்துக்கு – என் அப்பா*
*ஷர்ஷென் உன்னை மன்னிச்சார்*

அம்மாவின் பிடி தளர்ந்தது. ஜிபார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் அந்தக் கட்டிப்போன குரல், உடைந்து கரகரத்து, கடைசி வரியைப் பிடித்துக்கொண்டது. *ஷர்ஷென் உன்னை மன்னிச்சார், ஐயோ என் துணையே, ஷர்ஷென் உன்னை மன்னிச்சார்.* பிறகு பக்கத்து வீட்டுக்காரி. பிறகு வரிசை முழுவதும். பெண்கள் அந்த வரியை விடவில்லை. வெளியே ஆண்களின் அழுகைச் சத்தமே இல்லை. கோலூன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்து என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

மதியம் மம்பெத்தின் மையித்தை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். தொழுகைக்கு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் கூடாரத்துக்குள்ளேயே இருந்தார்கள். இமாம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மக்களே, மம்பெத் எப்படிப்பட்ட மனுஷன்?"

நல்ல மனுஷன் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். எந்த மனுஷனுக்கும் அதுதான் பதில். ஆனால் அந்தக் குரல் எழும்புவதற்குள் வேறொரு குரல் வந்தது. மேய்ப்பர் பெய்ஷென்.

"கொஞ்சம் பொறுங்க இமாமே. முதல்ல சம்பந்தி சொல்லட்டும்."

"பெய்ஷென், இது நேரமில்லை" என்றார் ஜோலோன் சித்தப்பா, இறந்தவரின் தம்பி. ஆனால் அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

"செத்தது என் குதிரை. வயித்துக்குள்ள குட்டி இருந்துச்சு. நானும் இந்த மனுஷனைப் பேர் வச்சுக் கூப்பிட்டவன்தான். தொழுகையில நிக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

கூடாரத்துக்குள் ஜிபார் சட்டத்தின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்" என்றார் ஷர்ஷென்.

"அது எங்களுக்கும் தெரியும். அவர் கை?"

ஒரு நாய் குரைத்துக்கொண்டே தெருவில் ஓடியது.

"கை பிசகலை" என்றார் ஷர்ஷென்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை, சம்பந்தி."

"அவர் அச்சுல தப்பு இல்லை! தோண்டச் சொன்னது நான். போதுமா?"

"எனக்குப் போதும்" என்றார் பெய்ஷென்.

இமாம் மறுபடி கேட்டார். "நல்ல மனுஷன்!" என்று பள்ளத்தாக்கு சொன்னது. இமாம் கேட்ட மூன்று முறையும் சொன்னது. ஜிபாருக்கு இனித்தது. அப்பா போகிறார் என்ற துக்கத்துக்கு நடுவிலும் தித்தித்தது. மாமனார் இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. பின்னாடி நிற்கிறவர்களுக்கு நிஜமாகவே கேட்டிருக்காதோ என்று கவலைப்பட்டாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் சாப்பாடு. சம்பந்திக்கு உரிய பெரிய எலும்புக் கறித் தட்டை யார் கொண்டுபோவது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜிபார் தானே எடுத்துப் போய் அவர் முன்னால் மண்டியிட்டு வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா."

ஷர்ஷென் தட்டைத்தான் பார்த்தார். "பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாச்சே. இனி மாமா எதுக்கு?"

"பேர் பாட்டுல வந்தது. பசி வயித்துல இருக்கும். சாப்பிடுங்க."

அவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கறியைத் தொடவில்லை. அதை மென்று விழுங்க ரொம்ப நேரமாயிற்று. ஒருநாளில் அவர் தாடை தளர்ந்துபோயிருந்தது. ஜிபார் அதையும் பார்த்துக்கொண்டாள். பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இருக்கவில்லை.

கிளம்பும்போது எர்மெக் அவளிடம் வந்தான். காரில் பின்சீட்டு காலியாக இருந்தது, இருவருக்கும் தெரிந்தது.

"அம்மாகூட கொஞ்ச நாள் இரு" என்றான்.

"எத்தனை நாள்?"

அவன் கார் பக்கம் பார்த்தான். ஷர்ஷென் முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எர்மெக் அவள் தலைத்துணியில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்துவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனான்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்த பிறகு, நரினிலிருந்து ஆளேற்றி வரும் காரின் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்தான். பெரிய பை ஒன்றை இறக்கினான். "உங்க வீட்ல குடுத்துவிட்டாங்க" என்றான். எந்த வீடு என்று அவனும் யோசித்தவன் போல ஒரு கணம் நின்றுவிட்டு, வண்டியை எடுத்தான்.

ஜிபார் பையை உள்ளே இழுத்து வந்து திறந்தாள். மேலே அவளுடைய உடுப்புகள். சட்டைக் கைகளை உள்ளே விடாமல் மடித்திருந்தது, எர்மெக்கின் மடிப்பு. அடியில் காகிதத்தில் சுற்றிய பொதி. பிரித்தாள். உள்ளே உரோமம் வைத்த பனிக்காலப் பூட்ஸ். புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தது.

வெளியே பனி உருகி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. இனி இந்தப் பூட்ஸ் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் வேண்டியிருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"என்னடி குடுத்துவிட்டிருக்காங்க?"

"துணிமணிதான்மா."

ஜிபார் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பிறகு குனிந்து, அவை சுவரில் போய் முட்டும்வரை உள்ளே தள்ளினாள்.